குளக்கரை வழி: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நடையும் ஓட்டமும்

டிரெயில் ஓட்டம் எனப்படுவது, தார்ச்சாலையையும் விளையாட்டரங்கின் ஓடுதளத்தையும் விட்டு விலகி, மண்ணும் கல்லும் வேரும் சரிவும் கலந்த இயற்கைப் பாதையில் குறித்த தொலைவை ஓடிக் கடக்கும் போட்டியாகும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மலைக் கிராமத்து விழாக்களில் நடந்த குன்றேறும் ஓட்டங்களையும், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் 1905-இல் தொடங்கிய டிப்சி ஓட்டத்தையும் இதன் முன்னோடிகளாகக் கொள்வது வழக்கம். இதற்கெனத் தனியாக ஒரு பன்னாட்டுச் சங்கம் 2013-இல் அமைந்தது. உலகத் தடகளக் கூட்டமைப்பு 2015-இல் இதைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. புதிதாக ஓட வருவோருக்காக நடத்தப்படும் சிறு போட்டிகள் பெரும்பாலும் ஓர் ஏரியின் ஓரமாகவே அமைகின்றன. நீர்விளிம்பை ஒட்டிய நிலம் பெரும்பாலும் மட்டமாக இருப்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. நீர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் வழி தவற இடமில்லை. ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர் தொலைவைத் தாராளமான கால வரம்புக்குள் ஓடியோ நடந்தோ முடிக்கலாம் என்பதால் முதல்முறை வருபவர் அஞ்ச வேண்டியதில்லை.

இத்தகைய பாதையைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் எவரும் புதிதாக வகுக்கத் தேவையில்லை. நீரை ஒட்டிச் செல்வதும், மட்டமானதும், மரநிழல் உடையதும், ஊரிலிருந்து ஊருக்கு இட்டுச் செல்வதுமான மண்பாதை இங்கே நூற்றுக்கணக்கான குளக்கரைகளின் வடிவில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அக்கரைகளின் மேல் பொழுதுபோக்காக எவரும் ஓடியதாகத் தெரியவில்லை என்றாலும், கடமையாகவும் பிழைப்பாகவும் சில வேளைகளில் உயிர் காக்கவும் ஓடியவர்களின் வரலாறு நீண்டது. பாதை பாதையாக நிலைத்ததே அந்தக் கால்களால்தான் என்பதால், அவ்வரலாற்றைக் கரையின் கட்டுமானத்திலிருந்து தொடங்குவதே முறை.

பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தான் பிறந்த மாவட்ட எல்லைக்குள்ளேயே கடலைச் சேர்ந்த ஆறு என்று பழைய நூல்களில் குறிக்கப்படுகிறது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்த பின்னரே இக்கூற்று பொருந்தாமல் போயிற்று. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது; ஏனைய ஏழும் அதற்கு முந்தியவை. இவ்வணைக்கட்டுகளிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் 180-க்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. கால்வாய் எட்டாத மேட்டுப் பகுதிகளில் மழைநீரை மட்டுமே நம்பிய மானாவாரிக் குளங்கள் வேறு. மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்றும், வடக்கே ஏரி என்றும் வழங்கும் பாசன நீர்நிலையே நெல்லைச் சீமையில் குளம் எனப்படுகிறது. ஆகவே இப்பகுதியில் குளம் என்றவுடன் கோயிலை ஒட்டிய படித்துறைக் குளத்தை நினைப்பது பிழையாகும்.

பாசனக் குளம் என்பது தோண்டப்பட்ட பள்ளத்தைக் காட்டிலும் எழுப்பப்பட்ட கரையால் ஆனது. சரிந்து இறங்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்கிக் கரை எழுப்பி, அதன் இரு முனைகளையும் மேட்டு நிலத்தை நோக்கி வளைத்துவிட்டால், மேலிருந்து வரும் நீர் அவ்வளைவுக்குள் தேங்கும். பறம்பு மலையைப் பற்றிய புறநானூற்றுப் பாடலொன்றில் கபிலர் குளக்கரைக்கு எட்டாம் நாள் பிறையை உவமையாக்கியிருப்பது இந்த அமைப்பைக் கண்ணால் கண்டு சொன்னதாகும். பாரி இறந்தபின் காப்பாரற்றுப்போன சிறு குளத்தின் கரை உடைவதை அப்பாடல் பேசுகிறது என்பதும் இங்கே கருதத்தக்கது. கரை இருந்தால் போதாது, அதன்மேல் ஆள் நடமாட வேண்டும் என்ற அறிவு சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது.

கரையின் நீர்ப்பக்கம் உள்வாய், வயற்பக்கம் புறவாய். அலை அடித்து மண் கரையாமல் இருக்க உள்வாய்ச் சரிவில் பதிக்கப்படும் கல் அலைக்கல் எனப்படும். கரையைத் துளைத்து வயலுக்கு நீர் விடும் வாயில் மடை. குளம் நிரம்பியபின் மிஞ்சும் நீரைக் கரைக்குச் சேதமின்றி வெளியேற்றும் தாழ்ந்த கற்கட்டு கலிங்கு. கலிங்கின் மேல் நீர் வழிந்து ஓடுவதை மறுகால் பாய்தல் என்பர். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து ஆகும் வகையில் குளங்கள் சங்கிலியாகத் தொடுக்கப்பட்டுள்ளன. கரையின் மேற்பரப்பு சில குளங்களில் மாட்டுவண்டி செல்லும் அகலமுடையது, சிலவற்றில் ஒற்றையடித் தடம். ஓரங்களில் பனையும் நாவலும் மருதும் நின்றன. பனையின் நெருங்கிய சல்லி வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் கரைக்குப் பாதுகாப்பு. அதன் ஓலையும் மட்டையும் கரை உடையும் நேரத்தில் அடைப்புக்கும் உதவின.

கரையின் மேல் நாள்தோறும் நடந்தாக வேண்டியவர் நீர்க்கட்டி. ஊர்தோறும் மடைகளைத் திறந்து அடைத்து, முறை வைத்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்புடைய இப்பணியாளருக்கு, மடைக்குடும்பன் போன்ற வேறு பெயர்களும் வட்டாரந்தோறும் உண்டு. அறுவடைக் களத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் அளந்து தரும் நெல்லே இவருக்கு ஊதியமாக இருந்தது. கார், பிசானம் என்னும் இரு போகங்களிலும் இவருடைய நடை இரவு பகல் பாராதது. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவத்து ஆற்று நீரால் விளைவது கார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நம்பி மாசி, பங்குனியில் அறுவடைக்கு வருவது பிசானம். நீர்க்கட்டியின் நடையை வெறும் காவலாகக் கருதிவிடக் கூடாது. அது ஒரு பரிசோதனை. நண்டு வளையும் எலி வளையும் கரைக்குள் நீரை இட்டுச் செல்லும் வாசல்கள். புறவாயில் ஓரிடத்தில் மண் இளகியிருந்தால் அதைக் கண்ணைவிட முன்னதாகப் பாதம் உணரும். செருப்பில்லாத கால்களுக்குத்தான் கரையின் நோய் தெரியும் என்ற நிலையில், நடை நின்ற கரை மருத்துவம் நின்ற உடலாயிற்று.

மழைக்காலத்து இரவில் கசிவு பெருகி உடைப்பாக மாறும் என்று தெரிந்தவுடன் நீர்க்கட்டியின் நடை ஓட்டமாகும். ஊருக்குள் பறை அறையப்பட்டு, ஆண்கள் வைக்கோல், பனமட்டை, முள், மண்வெட்டி ஆகியவற்றோடு கரைக்கு ஓடுவார்கள். இவ்வாறு ஊர் கூடிக் கரையைக் காக்கும் வழக்கமும், கோடையில் ஊர் கூடித் தூர் வாரி அம்மண்ணைக் கரைக்கே இடும் வழக்கமும் குடிமராமத்து என்ற பெயரில் அடங்கின. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி இவ்வழக்கத்தைப் பாராட்டியது. ஆனால் அதற்கு அடிப்படையாக இருந்த ஊர் வருவாயையும் மானியங்களையும் தன் நிலவரிக் கணக்குக்குள் இழுத்துக்கொண்டது. வருவாயை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் எதிர்பார்த்தால் ஆள் வராமல் போவது இயல்பு. அந்நிலையில் சென்னை மாகாணத்துக்கென 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குளக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து நேரும்போது ஊரில் உள்ள திடமான உழைப்பாளிகளை அழைத்து வேலை வாங்க அது அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. ஒரு காலத்தில் பறையொலிக்கே ஓடிய கால்கள் சட்டத்தின் பெயரால் ஓடவைக்கப்பட்டன என்பதை, அச்சட்டத்தின் தேவையே ஒப்புக்கொள்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் பொற்காலமாக மட்டும் வரைவது வரலாற்றுக்கு நியாயமாகாது, கரையில் மண் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் அக்கரையால் விளைந்த நிலத்தில் உரிமை இல்லாதவர்கள்.

நடையையும் நீரையும் ஒன்றாகவே எண்ணிய மனத்தின் சான்று கன்னடியன் கால்வாயைப் பற்றிச் சேரன்மகாதேவி வட்டாரத்தில் வழங்கும் கதையாகும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், தம்மிடம் சேர்ந்த பெரும்பொருளை எந்த அறத்துக்குச் செலவிடுவது என்று அகத்தியரைக் கேட்டதாகவும், ஒரு பசுவைப் பின்தொடர்ந்து அது நடக்கும் வழியெல்லாம் கால்வாய் வெட்டி, அது படுக்கும் இடங்களில் குளம் அமைக்குமாறு விடை கிடைத்ததாகவும் கதை செல்கிறது. சொல்பவருக்கு ஏற்ப விவரங்கள் மாறினாலும் பசுவின் நடை மாறுவதில்லை. மேய்ந்து செல்லும் மாடு செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்த்துச் சரிவின் குறுக்கே மென்மையாக வளைந்து செல்லும் இயல்புடையது. சம உயரக் கோட்டை ஒட்டி வெட்டப்படும் கால்வாயின் போக்கும் அதுவே. நில அளவைக் கருவி இல்லாத காலத்து அறிவைக் கதை இவ்வாறு பொதிந்து வைத்திருக்கக் கூடும் என்று கருத இடமுண்டு. அக்கால்வாயையும் அதன் குளங்களையும் ஒட்டி இன்று நடப்பவர் மூச்சு வாங்காமல் நெடுந்தொலைவு செல்ல முடிவதற்கும் காரணம் அந்த மென்சரிவுதான்.

நெல் வயல்கள் நிறைந்த பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் நீருக்கு மேல் நிற்கும் நிலம் குளக்கரையும் கால்வாய்க் கரையும் மட்டுமே. ஆதலால் ஊர்களுக்கு இடையிலான வழிகள் பல இடங்களில் கரைகளின் மேலேயே ஏறிச் சென்றன. இன்றைய தார்ச்சாலைகளில் சிலவும் அவ்வாறே செல்கின்றன. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலைகள் மதுரையிலிருந்து தெற்கே குமரி வரை மரநிழலும் சத்திரங்களும் உடையனவாக அமைந்தன என்பர். நெல்லைப் பகுதியிலும் மங்கம்மாள் சாலை என்ற பெயர் வாழ்கிறது. பெருவழிகளில் தலைச்சுமையை இறக்கி வைக்கத் தோளுயரத்தில் நிறுத்தப்பட்ட கற்பலகையான சுமைதாங்கியும், கோடையில் மோரும் நீரும் தரும் தண்ணீர்ப்பந்தலும், கல் மண்டபமும் கால்நடையாகச் செல்பவரின் களைப்பைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டவை. இன்றைய ஓட்டப் போட்டியில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்கப்படும் தண்ணீர் மேசைக்கு இந்நாட்டில் புதுமை என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

அக்காலத்தில் நடை எவ்வளவு இயல்பானது என்பதற்கு ராபர்ட் கால்டுவெல் ஓர் எடுத்துக்காட்டு. 1838-இல் சென்னை வந்து சேர்ந்த அவர், 1841-இல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தெற்கே தேரிமணல் சூழ்ந்த இடையன்குடியில் தங்கினார். மக்களின் மொழியையும் வழக்கத்தையும் அறிய நடையே ஏற்ற வழி என்று அவர் எண்ணினார். 1881-இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் ஊர்களும் வழிகளும் இடம்பெறும் நுட்பத்துக்கு அந்த நடைப் பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் தபால் ஓட்டக்காரர். 14-ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் நாட்டில் பயணம் செய்த இபன் பதூதா, மணி கட்டிய கோலுடன் ஓடி அஞ்சல் சேர்க்கும் காலாட்களை வியந்து எழுதியுள்ளார். அவ்வமைப்பின் நீட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியும் கைக்கொண்டது. சென்னையில் பொதுத் தபால் நிலையம் 1786-இல் தொடங்கியது. பாளையக்காரர் போர்களின் போது கும்பினிக்குத் தெற்கேயிருந்து விரைவான செய்தி தேவைப்பட்டது; பாளையங்கோட்டை அதன் படைத்தளமாக இருந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 இரவில் அவர்கள் காவலை உடைத்து வெளியேறி, ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி இரவோடிரவாக விரைந்தனர். மராத்தானைவிட நீண்ட ஓட்டத்துக்கு இன்று தனிப் பெயரும் பதக்கமும் உண்டு. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் அத்தொலைவு முதலில் எழுதப்பட்டது சிறையுடைப்பின் கணக்கில்.

கும்பினித் தபாலின் ஓட்டக்காரர் ஒருவர் பொதுவாக ஐந்து முதல் எட்டு மைல் வரை, அதாவது ஏறத்தாழ எட்டு முதல் பதின்மூன்று கிலோமீட்டர், ஓடித் தம் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். தோளில் தபால் பை, கையில் ஈட்டி அல்லது கோல், அதில் சதங்கை மணி. வழியிலுள்ள பாம்பையும் விலங்கையும் விலக்குவது மணியோசையின் ஒரு பயன். அடுத்த கட்டத்தில் காத்திருப்பவரை எழுப்பித் தயாராக்குவது இன்னொன்று. இரவில் அச்சமுள்ள வழிகளில் தீவட்டி பிடிப்பவரும் உடன் ஓடியதுண்டு. ஒருவரால் விரைவு குறையாமல் அன்றாடம் ஓடித் திரும்ப முடிகிற எல்லை எதுவோ அதையே ஒரு கட்டமாக வகுத்தார்கள். இன்றைய தொடக்கநிலை ஓட்டப் போட்டியின் பத்து கிலோமீட்டரும் இதே எல்லைக்குள் வருவது, மனித உடலின் அளவு இரு நூற்றாண்டுகளில் மாறிவிடவில்லை என்பதையே காட்டுகிறது. வேறுபாடு, ஓட்டக்காரர் அதை ஆண்டு முழுதும், அடைமழையிலும், வெறுங்காலோடு, சிறு கூலிக்குச் செய்தார் என்பது. 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் அரை அணாவில் சென்றது. அந்த மலிவுக்கு உண்மை விலை கொடுத்தது இக்கால்கள்தான்.

நெல்லைச் சீமையின் மேற்கு விளிம்பில் இரண்டு அஞ்சல் அமைப்புகள் சந்தித்தன. அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த செங்கோட்டையில் அவ்வரசின் சொந்த அமைப்பான அஞ்சல் இயங்கியது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரருக்கு வழியில் எதிர்ப்படுவோர் ஒதுங்கி இடம்விட வேண்டும் என்பது அக்கால வழக்கம். அரசு ஓலைகளுக்காகத் தோன்றிப் பின்னர் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்ட இவ்வமைப்பு, 1888-இல் சங்கு முத்திரை பொறித்த தன் அஞ்சல் தலையை வெளியிட்டு, 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. இன்று அது தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது.

நீரின் குறுக்கே பாலமும் நிலத்தின் மேல் தண்டவாளமும் வந்தபின் ஓட்டக்காரரின் எல்லை சுருங்கியது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைப் படகில் கடந்த நிலையை, சுலோசன முதலியாரின் கொடையால் எழுந்து 1843-இல் திறக்கப்பட்ட பாலம் மாற்றியது. 1876-இல் இருப்புப்பாதை திருநெல்வேலியை எட்டியது. 1904-க்குள் அது செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் வரை சென்றது. அதன்பின் ஓட்டக்காரர் முதன்மைச் சாலைகளிலிருந்து விலகி, தொடர்வண்டி நிலையத்திலிருந்து உள்ளூர்த் தபால் நிலையத்துக்கு, அதாவது சாலையிலிருந்து கரைக்கும் வரப்புக்கும், ஒதுக்கப்பட்டார். ரன்னர் என்ற அவருடைய பதவிப் பெயர் தபால் துறையில் அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. மிதிவண்டியும் பேருந்தும் பெருகப் பெருக ஓட்டம் மட்டும் அப்பெயரிலிருந்து கழன்றுகொண்டது.

குளக்கரையின் வீழ்ச்சி வேறொரு வழியில் வந்தது. 1940-களில் பாபநாசத்துக்கு மேலே 143 அடி உயர அணையும், 1958-இல் மணிமுத்தாறு அணையும் எழுந்தபின் நீரின் ஆட்சி ஊரிலிருந்து பொதுப்பணித் துறையின் கையேட்டுக்கு மாறியது. விளைநிலம் கைமாறியதும், நெல்லளவில் இருந்த ஊதியம் நின்றதும் நீர்க்கட்டியின் பணியை வலுவிழக்கச் செய்தன. கிணறும் மின் இறைப்பியும் வாய்த்தவர்கள் குளத்தைத் திரும்பிப் பார்க்கத் தேவையற்றுப் போயினர். நடமாட்டம் குறைந்த கரைகளில் சீமைக்கருவேல் அடர்ந்தது. அதன் முள்ளுக்கு அஞ்சி எஞ்சிய நடமாட்டமும் நின்றது. சில குளங்கள் முற்றாகவே உருமாறின: திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் எழுந்தது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் கரைகளை மீண்டும் பாதையாக்குவது பங்குனி உத்திரம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிகளின் சாஸ்தா கோயில்கள் பலவும் குளக்கரையிலோ மடையை ஒட்டியோ அமைந்தவை. அந்நாளில் வெளியூர்களில் வாழ்வோரும் தத்தம் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வந்து பொங்கலிட்டு வழிபடுவதால், மற்ற நாட்களில் ஆடு மட்டுமே நடக்கும் கரைகள் மக்கள் கூட்டத்தால் நிறையும். பிசான அறுவடை முடிந்து, நீர் வற்றி, கரை உலர்ந்திருக்கும் காலம் அது. காவல் தெய்வத்தைக் கரையில் நிறுத்தி, கரை உலர்ந்த காலத்தில் அதன் விழாவை வைத்த ஏற்பாட்டினால், கோடை மராமத்துக்கு முன் ஊரார் அனைவரும் கரையை ஒருமுறை மிதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஏற்பட்டது. அது திட்டமிட்டதா தற்செயலா என்பதை முடிவு செய்யச் சான்றில்லை. பயன் மட்டும் ஐயமற்றது.

அண்மைக் காலத்தில் கரைக்கு வந்த புதிய நடையர் பறவை காண்போர். மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில், மாணவரும் ஆசிரியரும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகச் செல்கின்றனர். தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்திக் கரையில் நடக்கும் அவர்கள் பறவைகளைக் கணக்கிடுவதோடு குளங்களின் நிலையையும் பார்த்து வருகின்றனர். நீர்க்கட்டியின் பணியில் ஒரு கூறு இவ்வாறு வேறு கைகளுக்கு வந்திருக்கிறது.

இப்பின்னணியில் டிரெயில் ஓட்டம் என்னும் விளையாட்டு இப்பள்ளத்தாக்குக்குள் நுழையுமானால் அதற்குரிய இடம் மலையைவிடக் குளக்கரையே. மலைத்தடங்கள் முண்டந்துறை, களக்காடு சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைந்த புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியவை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்வோரும் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே செல்கின்றனர். அங்கே கூட்டமாக ஓடுவது சட்டத்துக்கும் விலங்குகளுக்கும் பொருந்தாது. கொடைக்கானல் ஏரியைப் போல இக்குளங்களை முழுச்சுற்றாக ஓடி வர இயலாது என்பதும் நினைவிற் கொள்ள வேண்டியது. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சாலை உண்டு. நெல்லைக் குளத்துக்கோ கரை ஒரு பக்கம்தான், மறுபக்கம் நீர் பரவி ஒடுங்கும் நீர்ப்பிடி நிலம். ஆகவே பிறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்று, வந்த வழியே திரும்புவதே இங்கே இயலும். சிமெண்ட் கல் பதித்து விளக்குக் கம்பம் நட்டுக் கோயம்புத்தூரின் பெரியகுளத்தில் செய்ததைப் போலக் கரையை நகர்ப்புற உலாவிடமாக்கினால் நடப்பவர் பெருகலாம்; ஆனால் மண்பாதை என்ற தகுதி போய்விடும், கசிவைக் காட்டும் மண்ணும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

காலத்தைத் தேர்வதிலும் பழைய வேளாண் நாட்காட்டியே வழிகாட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை கரை வழுக்கும். அது உடைப்புக்கு அஞ்சும் பருவமும் ஆகும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் நீர் புகுந்தது. தை முதல் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் போன்ற இடங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில் பறவைகள் அஞ்சும் என்று மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அத்தகைய குளத்தில் ஒலிபெருக்கி கட்டி ஓட்டம் நடத்துவது ஊராரின் நீண்ட காலப் பொறுமையை அவமதிப்பதாகும். பறவை தங்காத குளங்களில், பிசான அறுவடைக்கும் கோடை உச்சத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களின் விடியற்பொழுதே பொருத்தமானது.

அனுமதி கேட்க வேண்டிய இடமும் குளத்துக்குக் குளம் மாறும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உடைய குளங்கள் நெடுங்காலம் பொதுப்பணித் துறையிடம் இருந்து, 2021-இல் தனியாக அமைந்த நீர்வளத் துறையிடம் சேர்ந்தன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளன. கரையையும் நீர்ப்பரப்பையும் ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டமொன்று தொடங்கப்பட்டு, விவசாயிகள் சங்கங்கள் மூலம் கரைகள் பலப்படுத்தப்பட்டன. பறவைகள் தங்கும் குளமாயின் வனத்துறையும், கரையில் சாஸ்தா இருந்தால் கோயிலாரும், மடையில் நீர் ஓடும் காலமாயின் ஆயக்கட்டுதாரரும் சேர்ந்துகொள்வர். காகிதத்தில் கையெழுத்திடும் அதிகாரம் துறைக்கு உரியது. எந்த மடைக்கு அருகே மண் இளகியிருக்கிறது, எந்தப் பனையடியில் வளை இருக்கிறது என்று சொல்லக்கூடியவர், எஞ்சியிருக்கும் ஊர்களில், இன்னமும் நீர்க்கட்டிதான்.